செபஸ்தியாரின் முதல் மாலையும் என் நாற்பது விநாடியும்

திண்டுக்கல்லில் இறங்கிய கால் மணி நேரத்தில் என்னை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரர். பெட்டியை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, கண்ணாடியில் என் முகத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"மேடம், நீங்க அந்த ரீல்ஸ்ல வந்தவங்கதான?"

"எந்த ரீல்ஸ்?" என்றேன். எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

"செபஸ்தியார் கோயிலுக்கு அடியில அம்மன் இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல. எங்க பேகம்பூர் குரூப்புலகூட வந்துச்சும்மா. பின்னாடி உடுக்கைச் சத்தம், பொகையெல்லாம் வுட்டுருந்தாங்க. படம் மாதிரி இருந்துச்சு."

அவர் பெயர் ஜாபர். அடுத்த ஐந்து நாளும் அவருடைய ஆட்டோவில்தான் போனேன். ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டேன்: போகிற இடத்தில் நான் யாரென்று சொல்ல வேண்டாம்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமயங்களைப் பற்றிப் படிப்பிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்குக்காகத் திண்டுக்கல் வந்தபோது, ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு சிற்றூருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே செபஸ்தியார் கோயில் ஒன்று. சுற்றிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். தை மாதத் திருநாளன்று சப்பரம் கிளம்பும்முன் செபஸ்தியாருக்கு விழுகிற முதல் மாலை, பக்கத்துத் தோட்டத்து இந்துக் குடும்பம் ஒன்றிலிருந்து வர வேண்டும். அந்த வழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. வகுப்பில் அடிக்கடி சொல்வேன். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

சென்ற வருடம் ஓர் இணையவழி விரிவுரையில், "அந்தச் செபஸ்தியார் நிற்கிற இடத்தில் முன்பு ஓர் அம்மன் இருந்தாள்" என்று தொடங்கினேன். பிறகு, இது ஊரில் ஒருவர் சொன்னது, சான்று எதுவும் இல்லை, இரண்டு சமூகங்கள் ஒரு கோயிலைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இப்படியான கதைகள் தோன்றுவது இயல்பு என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். மூன்று வாரத்துக்கு முன் யாரோ அந்த விரிவுரையின் முதல் நாற்பது விநாடியை வெட்டி எடுத்து, இசை சேர்த்து, 'இலங்கைப் பேராசிரியை உடைத்த உண்மை' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள்.

வெட்டியவரைத் திட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் நான் சொல்லாத எதையும் சேர்க்கவில்லை. தூங்கி வழியும் மாணவர்களை எழுப்புவதற்காக நானே தேர்ந்தெடுத்து முன்னால் வைத்த வசனம் அது.

அதன் விளைவை எனக்குச் சொன்னவர் ஸ்டெல்லா ரீச்சர். திண்டுக்கல் நகரத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை என்னை அந்த ஊருக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். "இந்த வருசம் அந்தத் தோட்டத்துக்காரங்க மாலை வேணாம்னு கோயில் கமிட்டியில சொல்லிட்டாங்களாம், சுகந்தி. ரெண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்ல. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்" என்று தொலைபேசியில் சொன்னார். பல்கலைக்கழகத்தில் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. என்னை ரீச்சர் வீட்டில் இறக்கிவிட்டு ஜாபர் ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். திரும்பும்போது பேகம்பூர்க் கடையொன்றிலிருந்து பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தார். ரீச்சர் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிட மாட்டார். அவர் தயிர்ச்சோற்றோடு எதிரே உட்கார்ந்திருக்க, நான் மட்டும் தின்றேன். எங்கள் ஊரில் 'புரியாணி' என்று எழுதுவோம். நீள அரிசி, மஞ்சள் நிறம், மேலே ஓர் அவித்த முட்டை. இங்கே சீரகச் சம்பா. சீரகம் போலவே பொடி அரிசி, மிளகுக் காரம் மெதுவாக ஏறுகிறது. பாதியில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. "மெதுவாச் சாப்பிடு, யாரும் பிடுங்க மாட்டாங்க" என்றார் ரீச்சர்.

சாப்பிட்ட பிறகு என் பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம். 'இங்கன முன்ன ஒரு அம்மன் இருந்துச்சும்பாக' என்ற வசனம் மேற்கோளில் இருந்தது. சொன்னவர் பெயரும் இருந்தது: சவரிமுத்து, உபதேசியார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'சிரித்துக்கொண்டு சொன்னார்.'

உபதேசியார் என்றால் பாதிரியார் இல்லாத நாட்களில் கோயிலில் செபம் சொல்லி, மணி அடித்து, எல்லாவற்றையும் கவனித்துக்கொள்பவர். ரீச்சர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவரேதானா? இப்ப எல்லாரையும்விட அம்புட்டுக் கோவமா நிக்கிறதும் இவருதான்! மாலை வேணாம்னு சொன்னதே இவருதான்."

"அவருக்கு ஞாபகம் இல்லையாக்கும்."

"நாளைக்கு இந்தப் பக்கத்தைக் காட்டு. ஒம்மேல தப்பு இல்லன்னு ஆயிரும்."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். ரீச்சருக்கு மூட்டுவலி, வரவில்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ஆட்டோவின் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. ஜாபர் வண்டியை ஒரு தேநீர்க் கடை ஓரமாகத் தள்ளிவிட்டு, கருவிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். காய்கறி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். எங்கள் ஊரில் தேநீர் கேட்டால் பால் இல்லாமல் வரும். இங்கே பாலில் தேயிலையைத் தேட வேண்டியிருக்கிறது.

பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பேர் ஒரு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடுக்கைச் சத்தம் கேட்டது. என் குரலும் கேட்டது.

"இந்தம்மா சிலோன்லருந்து வந்து தோண்டிப் பாத்துச்சாம்ல" என்றார் ஒருவர்.

"தோண்டுனது மட்டுமா? செல கெடச்சுச்சாம்யா. வெங்கலச் செல. பொட்டியில வச்சு ஊருக்கே கொண்டு போயிருச்சாம்" என்றார் மற்றவர்.

தேநீர்க் கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு தலத்தின் கதை எப்படி உருவாகிறது என்பதை இருபது வருடமாகப் படிப்பித்து வருகிறேன். நூறு வருடம், இருநூறு வருடம் எடுக்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறேன். மூன்று வாரத்துக்குள் நானே சிலை திருடிய கதையாகியிருந்தேன்.

"அது நான்தான். தோண்டவும் இல்லை, சிலையும் இல்லை" என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொல்லவில்லை. அந்நிய நாடு, அறிமுகம் இல்லாத ஆட்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வண்டி மறுபடி கிளம்பியதும் ஜாபர் கேட்டார்:

"ஏம்மா பேசாம இருந்துட்டீங்க?"

"பயமாக் கிடந்தது."

"எனக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களேன்னு வுட்டுட்டேன்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கோயில் முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை திருநாள். சவரிமுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம். என்னைக் கண்டதும் ஏணியை விட்டுவிட்டு வந்தார். வாருங்கள் என்று சொல்லவில்லை.

"எம்மா, ஒங்களுக்கு இங்கன சோறு போட்டு, பாய் விரிச்சு ஒக்கார வச்சோம். இப்புடிப் பண்ணிட்டீகளே."

"நான் சொன்னது பிழை, ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"நாலு தலமொறையாக் கும்புடுற கோயிலு. நேத்து ஒருத்தன் வந்து, எங்க தோண்டுனாகன்னு எங்கிட்டயே கேக்குறான். யாரு சொன்னது ஒங்களுக்கு? அத மட்டும் சொல்லுங்க. எவன் அவன்?"

குறிப்புப் புத்தகம் என் தோள்பையில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இல்லை, உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார். ஏணியின் மேலே நின்ற இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் என் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு அவரால் இந்த ஊரில் மணி அடிக்க முடியாது.

"நாளைக்குப் பூசை முடிய எல்லாருக்கும் முன்னால கதைக்கிறன்" என்றேன்.

"கதையெல்லாம் வேணாம்மா. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. அதை விளக்க அது நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து வரப்பு வழியாகப் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். முதல் மாலை கொடுக்கும் குடும்பம் இவர்களுடையதுதான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். செண்டுமல்லித் தோட்டத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பூ பறித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் பறிப்பதை நிறுத்தாமல், "தெரியும்" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மகன் முருகேசன் வந்தான். நூல் மில்லில் வேலை. அந்தக் காணொளியை முதலில் ஊருக்குள் பரப்பியவன் அவன்தான். அதை அவனே சொன்னான்.

"நம்ம சாமி அங்க இருந்துச்சுன்னு ஒரு புரொபசரே சொல்றாங்கன்னு பெருமையா இருந்துச்சு மேடம். ஸ்டேட்டஸ்ல வச்சேன். அப்புறம் டவுன்லருந்து ரெண்டு பேரு வந்து, கோயில் எடத்தத் தோண்டிப் பாக்கணும்னு ஏதோ மனுவுல கையெழுத்துக் கேட்டாங்க. நான் போடல. போட்டேன்னு கோயில் தெருவுல சொல்லிட்டாங்க."

"போடலன்னு போய்ச் சொல்லியிருக்கலாம்ல" என்றார் பாண்டியம்மாள் செடிகளுக்குள்ளிருந்து.

"கேட்டாங்களா அவுங்க? மாலை வேணாம்னு ஆள் வுட்டுச் சொன்னாங்கள்ல? எதுக்குப் போகணும்?"

அவன் கோபத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். பாண்டியம்மாள் கையைக் கழுவிவிட்டு, கேட்காமலே எனக்குச் சோறு போட்டார். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். இன்னும் போட வந்தவரிடம், "போதும் அக்கா, கறி நிறைய இருக்கு" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "கறியா? இன்னிக்குக் கறி எடுக்கலையேம்மா. சனிக்கெழமல்ல."

எங்களுக்குச் சோற்றோடு வருவது எல்லாம் கறிதான் என்று விளக்கினேன். இங்கே கறி என்றால் இறைச்சி, மற்றதெல்லாம் வெஞ்சனம். "கத்திரிக்கா கறியா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் என்னோடு இயல்பாகப் பேசத் தொடங்கினார்.

"அந்த மாலை எப்படித் தொடங்கினது, அக்கா?" என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் இதை நான் அவரிடம் கேட்கவில்லை. சவரிமுத்து சொன்னதே போதுமென்று போய்விட்டேன்.

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். "சொன்னா எழுதிப்புடக் கூடாது."

"எழுத மாட்டன்."

"நான் கலியாணமாகி வந்த ரெண்டாம் வருசம். மொதமொதல்ல எங்க மாமனாரு தோட்டத்துல பூச்செடி போட்டாரு. பொங்கலுக்குப் பறிக்கலாம்னு பாத்தா, பொங்கல் முடிஞ்சு அடுத்த வாரந்தான் அம்புட்டும் பூத்துச்சு. மார்க்கெட்டுல ஏறெடுத்துப் பாக்க நாதியில்ல. வண்டி வண்டியாப் பூவு. மாட்டுக்குப் போடலாம்னு மாமனாரு சொன்னாரு. அன்னிக்கு இவுக கோயில்ல திருநாளு. அங்கனயாவது கொண்டு போய்க் குடுப்போம்னு நாந்தான் சொன்னேன். கட்டிக் கொண்டு போனோம். அவுகளும் வாங்கிப் போட்டாக. அந்த வருசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் விடல. அம்புட்டுத்தேன்."

புதைந்துபோன தெய்வம், மறைந்த நினைவு, மதமாற்றத்துக்கு முந்தைய உறவு என்று ஒரு வகுப்பு நிறைய விளக்கியிருக்கிறேன். விற்காத செண்டுமல்லி அதில் எங்குமே வரவில்லை.

"விக்காத பூவச் சாமிக்குக் குடுத்தோம்னு எப்புடிம்மா வெளிய சொல்றது? கேவலமில்லையா?" என்றார். "இப்பல்லாம் திருநாளுக்குன்னு தனியா ஒரு பாத்தி விட்டுருவேன். மொதப் பறிப்பு அவருக்குத்தேன்."

அன்று திரும்பி வரும்போது என்னிடம் இரண்டு உண்மைகள் இருந்தன. இரண்டில் எதைச் சொன்னாலும் இந்தச் சண்டை முடிந்துவிடும். இரண்டும் என்னுடையவை அல்ல. ரீச்சரிடம் மாலைக் கதையைச் சொல்லவில்லை. குறிப்புப் புத்தகத்தைக் காட்டப்போவதில்லை என்று மட்டும் சொன்னேன். "அப்ப நீ எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்த?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் பந்தலின் கீழ் உட்கார்ந்தார்கள். பங்குச்சாமி வேறு ஊரில் பூசை வைக்கப் போக வேண்டும். "பேசி நல்லபடியா முடிங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். முருகேசன் வந்திருந்தான். பந்தலுக்கு வெளியே நின்றபடி போனைத் தூக்கிப் பிடித்தான். "படம் பிடியுங்கோ தம்பி, வெட்டாமப் போடுங்கோ" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். என் பேச்சு அவர்களுக்கு மலையாளம் மாதிரி இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

"நான் தோண்டவும் இல்லை, சிலை எடுக்கவும் இல்லை" என்று தொடங்கினேன். முந்தின நாள் தேநீர்க் கடையில் சொல்லியிருக்க வேண்டியது. "இங்க அம்மன் இருந்ததுக்கு எனக்கு ஒரு சான்றும் தெரியாது. உண்மையெண்டு தெரியாத ஒண்டை உண்மை மாதிரிச் சொன்னன். அது என்ர பிழை."

"அப்ப ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். சவரிமுத்து பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். அவருக்கும் அதுதான் தெரிய வேண்டும்.

"அதைச் சொல்ல மாட்டன். சொன்னவர் அதைச் சிரிச்சுக்கொண்டு சொன்னவர். நான் சிரிப்பை விட்டுட்டு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போட்டன். பிழை என்னில."

முணுமுணுப்பு எழுந்தது. பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "ஒங்களுக்குச் சாமி நம்பிக்க உண்டா மேடம்?" என்று கேட்டார்.

என் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் இதைக் கேட்பார்கள். பாடத்துக்கு அது தேவையில்லை என்று பதில் சொல்வேன். அங்கே அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"அம்மா ஆசுப்பத்திரியில கிடந்த மூண்டு மாதமும் மாதாவையும் கும்பிட்டன், பிள்ளையாரையும் கும்பிட்டன். அம்மா செத்துப்போனா. பிறகு கோவத்தில ஒருத்தரையும் கும்பிடேல்லை. இப்ப கோவம் இல்லை. ஆனா திரும்பிப் போற வழி தெரியேல்லை."

"எங்கப்பா போனப்ப எனக்கும் ரெண்டு வருசம் ஆச்சு" என்றார் அந்தப் பெண், சாதாரணமாக. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் பாண்டியம்மாளின் குரல் கேட்டது. எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. மகனுக்குப் பின்னால், பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்.

"அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. வித்துப் போகாத பூவுதேன்."

எல்லாரும் திரும்பினார்கள். எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார்: பொங்கல் தாண்டிப் பூத்த தோட்டம், மார்க்கெட், மாட்டுக்குப் போடலாம் என்ற மாமனார். கடைசியில், "கொண்டாந்து குடுத்தது நாந்தேன். அன்னிக்கு வாங்கி மாட்டுனது ஒங்கய்யா" என்று சவரிமுத்துவைப் பார்த்துச் சொன்னார்.

முதலில் யாரோ ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பந்தல் முழுவதும் சிரித்தது. முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் போனைக் கீழே இறக்கிவிட்டான். இத்தனை வருடமாக அவனுக்கும் அது தெரியாது.

"அப்ப மாலை?" என்று ஒருவர் கேட்டார்.

"கமிட்டியில பேசித்தான் சொல்ல முடியும்" என்றார் சவரிமுத்து. அவர் முகத்தில் ஏதோ குழப்பம் இருந்தது. யாரையும் பார்க்காமல் கோயிலுக்குள் போய்விட்டார்.

"வாங்கம்மா போவோம். கூப்புட்டா வரதுக்கும் வேணாம்னா நிக்கிறதுக்கும் நம்ம என்ன வேலக்காரங்களா?" என்று முருகேசன் தாயைக் கூட்டிக்கொண்டு போனான். எதுவும் முடியவில்லை.

திங்கட்கிழமை ஒரு கல்லூரியில் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நாற்பது விநாடியையும் முழு விரிவுரையையும் போட்டுக் காட்டினேன். சின்னாளப்பட்டியிலிருந்து வரும் ஒரு மாணவி கை உயர்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க மேடம். முழுசாக் கேட்டப்புறமும் எனக்கு அந்த முதல் வரிதான் ஞாபகம் இருக்கு. மத்ததெல்லாம் நோட்ஸ் மாதிரி இருந்துச்சு."

தப்பாக நினைக்கவில்லை. திரையில் புகைக்கு நடுவே அம்மன் தோன்றுவதை இந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன், யாழ்ப்பாணத்தில் ஒற்றைத் திரையரங்கில், சீட்டில் ஏறி நின்று. முதல் வரியை எழுதும்போது எனக்குள்ளும் அந்தப் புகை கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். "அப்ப சரியான வரியை எங்க வைக்கிறது?" என்று அவளிடம் கேட்டேன். "முதல்லயே வைங்க மேடம். 'எனக்குத் தெரியாது'ன்னு ஆரம்பிங்க. அதுவும் கேக்க நல்லாத்தான் இருக்கும்" என்றாள். குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நானும் ஸ்டெல்லா ரீச்சரும் ஜாபரின் ஆட்டோவில் போய் இறங்கியபோது, சப்பரம் சீரியல் விளக்குகளோடு தயாராக நின்றது. ஒலிபெருக்கியில் சினிமா மெட்டில் ஒரு செபஸ்தியார் பாட்டு. எங்கள் ஊரில் தேருக்குத் தவில், நாதசுவரம். இங்கே பேண்டு வாத்தியம். செபஸ்தியார் மேல் ஒரு பூகூட இல்லை. கடைமாலைகள் மேசையில் தண்ணீர் தெளித்துக் கிடந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. காத்துக்கொண்டிருக்கிறோம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

வெளிச்சம் குறையும் நேரத்தில் பாண்டியம்மாள் வந்தார். பின்னால் முருகேசன், தலையில் கூடை. முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது. ஆனால் சுமந்துகொண்டு வந்திருந்தான். செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் சேர்த்துக் கட்டிய மாலை. இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. சவரிமுத்து ஏணியில் ஏறி அதை வாங்கிப் போட்டார். பேண்டு முழங்கியது.

"கூப்பிட்டவையா, அக்கா?" என்று பாண்டியம்மாளின் காதில் கேட்டேன்.

"எங்க கூப்பிட்டாக? நேத்து விடியக்கால சவரிமுத்து அண்ணன் வந்து வாசல்ல நின்னாரு. ஒண்ணும் பேசல. காப்பி குடுத்தேன், குடிச்சாரு. பாத்தியச் சுத்திப் பாத்தாரு. போயிட்டாரு. அப்புறம் என்ன, கூப்பிட்டதாத்தான அர்த்தம்?" பிறகு என் கையைப் பிடித்து, "பூவு கதய இனி எழுதிக்கங்க. அதேன் ஊருக்கே தெரிஞ்சு போச்சே" என்றார்.

சப்பரம் தெருமுனை திரும்பியதும் நாங்கள் கிளம்பினோம். ரீச்சர் ஆட்டோவில் ஏறிவிட்டார். நான் ஏறும்போது சவரிமுத்து வேகமாக நடந்து வந்தார்.

"எம்மா, ஒரு நிமிசம். சிரிச்சுக்கிட்டுச் சொன்னாருன்னு சொன்னீகள்ல, அன்னிக்கே எனக்குப் பொறி தட்டிருச்சு. ரெண்டு நாளா ஒறக்கமில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அது நாந்தான?"

"ஓம், ஐயா."

"வெளியூர்லருந்து படிச்சவுக வந்துருக்காகளே, நம்மூரும் பழைய ஊருன்னு தெரியட்டும்னு ஏதோ வாயில வந்தத சொல்லிட்டேன். எங்கய்யா கேலிக்குச் சொல்றது அது." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அங்கனயே சொல்லிருக்கலாம்ல நீங்க? நான் ஒங்கள அம்புட்டுப் பேர் முன்னால நிக்க வச்சனே."

"உங்களை நம்பித்தானே எழுதினனான். திரும்பக் கேட்டுச் சரிபாக்காதது நான்."

அவர் கை கூப்பிவிட்டுப் பந்தலை நோக்கி நடந்தார். ஜாபர் வண்டியைக் கிளப்பினார். இருபது அடி போயிருக்க மாட்டோம். பாட்டு நின்று, ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஜாபர், நிப்பாட்டுங்கோ" என்றேன். அவர் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு. நான் உபதேசியார் சவரிமுத்து பேசுறேன். அம்மன் இருந்துச்சுன்னு அந்த டீச்சரம்மாகிட்டச் சொன்ன ஆளு வேற யாரும் இல்ல. நாந்தேன். அவுக எம்பேரச் சொல்லல. பாண்டியம்மா வீட்டுக்கு மால வேணாம்னு சொன்னதும் நாந்தேன். ரெண்டும் தப்பு." ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. "அடுத்த அறிவிப்பு. சப்பரம் வர்ற வழியில வெள்ளக் கலரு ஸ்கூட்டர் ஒண்ணு நிக்கிது. யாருதுன்னு பாத்து ஒடனே எடுத்துருங்க."